15 வயசு தாண்டிய கார்களுக்கு எமனாகும் போர் தண்ணீர்! கொடைக்கானல் ஏறும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

திண்டுக்கல்:

கோடை சீசன் தொடங்கி விட்டால் வத்தலக்குண்டு தாண்டிய மலைப்பாதையில் ஒரு காட்சியை தவறாமல் பார்க்கலாம். பானெட்டை திறந்து வைத்தபடி பழைய கார் ஒன்று ஓரங்கட்டி நிற்கும். என்ஜினில் இருந்து குபுகுபுவென ஆவி கிளம்பும். குடும்பமே இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் கையில் தண்ணீர் பாட்டிலுடன் தவித்துக் கொண்டிருப்பார்.

"பழைய வண்டி, மலை ஏறல. வித்துட்டு வேற வாங்கு" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் யோசனை சொல்வார்கள். ஆனால் பல நேரங்களில் கோளாறு வண்டியின் வயதில் இல்லை. கீழே சமவெளியில் வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரில்தான் இருக்கிறது.

திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், இண்டிகா, சுமோ என்று லட்சம் கிலோ மீட்டரை எப்போதோ தாண்டிய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசிடர் உற்பத்தி அதே ஆண்டு மே மாதத்திலும் நின்று போனது. அப்படியும் இவற்றை விட மனசு வராதவர்கள் ஏராளம். புது கார் வாங்க வசதி இல்லாதவர்கள் அதை விட அதிகம்.

15 ஆண்டு முடிந்தால் காரை ஓட்டவே கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது டெல்லி பக்கத்து சமாச்சாரம். தமிழ்நாட்டில் தகுதி உள்ள காருக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவை புதுப்பித்துக் கொள்ளலாம். ஆனால் செலவு எகிறி விட்டது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்பு கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரமானது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரமாக உயர்ந்தது. இவ்வளவு கட்டி எப்.சி. காட்டிய கார், அடுத்த மாதமே என்ஜின் வேலைக்கு போய் நின்றால் வயிறு எரியத்தானே செய்யும்?

உப்பு செய்யும் வேலை

திண்டுக்கல்லில் நிலத்தடி நீரின் கதை ஊரறிந்தது. பாறை பூமி என்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது. போதாக்குறைக்கு தோல் தொழிற்சாலை கழிவால் நகரை சுற்றிய பகுதிகளில் உப்பும், குளோரைடும் சேர்ந்து கொண்டது. தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் இடம் பெற்றிருந்தது.

குடிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கும் அதே தண்ணீரைத்தான் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். சமையல் பாத்திரத்தில் வெள்ளையாக படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாய் அடைக்கிறது. குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. மாருதி 800, ஆம்னி என்ஜின்களின் ஹெட் அலுமினியத்தில் ஆனது. சூடு மீறினால் வளைந்து விடும். ஹெட் கேஸ்கெட் போகும். அதன் பிறகு லேத்தில் ஹெட் பேசிங், வால்வு வேலை என்று பில் ஏறிக்கொண்டே போகும்.

"இங்கென்ன ஐஸா உறையுது, நமக்கு எதுக்கு கூலன்ட்?" என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துரு, அரிப்பு பிடிக்காமல் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான் நம்ம ஊருக்கு தேவையானது. அதை போர் தண்ணீரில் கலந்தால் பாதி பலன் போச்சு. டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும்.

சின்ன மூடி, பெரிய செலவு

மலையில் மட்டும் கொதிப்பது ஏன்? இங்கே ஒரு விஷயத்தை பலரும் கவனிப்பதில்லை. கொடைக்கானல் 2 ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்து விடும். என்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்படியானால் கார் எப்படி ஏறுகிறது? ரேடியேட்டர் மூடிதான் காரணம். பல மூடிகளின் மேலே 0.9 என்று எழுதியிருக்கும். அது உள்ளே அழுத்தத்தை பிடித்து வைக்கும் அளவு. அந்த அழுத்தத்தில் சமவெளியில் சுமார் 118 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. பிரஷர் குக்கர் கணக்கு. மூடியின் ரப்பர் காய்ந்து விட்டால் விசில் போன குக்கர் மாதிரி அழுத்தம் நிற்காது. கீழே கரூர் ரோட்டில் ஒழுங்காக ஓடிய கார் டம்டம் பாறை பக்கம் போனதும் கொதிப்பது இதனால்தான். மூடி மாற்ற சில நூறு ரூபாய் போதும். இதை பார்க்காமல் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஆயிரக்கணக்கில் இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

எங்கே கொதிக்கிறது என்பதே பாதி நோயை சொல்லி விடும். மணிக்கூண்டு, பஸ் நிலையம் பக்கம் நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, நான்கு வழிச்சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால் பேன் மோட்டார், ரிலே, சென்சாரை பார்க்க வேண்டும். அதற்கு மாறாக டவுனில் ஒழுங்காக இருந்து, வேகத்திலோ மலை ஏற்றத்திலோ கொதித்தால் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து விட்டு ரேடியேட்டர் அடைப்பை சந்தேகிக்கலாம். வெளியே ஒரு சொட்டு கசிவு இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைகிறது, சைலன்சரில் வெள்ளை புகை நிற்கவில்லை, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்தான். அந்த நிலையில் "இந்த ஒரு டிரிப் மட்டும்" என்று மலை ஏறுவது என்ஜினையே காவு கொடுப்பதற்கு சமம்.

தெர்மோஸ்டாட்டை கழற்றி வீசும் பழக்கமும் நம்ம பட்டறைகளில் ரொம்ப காலமாக இருக்கிறது. கழற்றியதும் முள் இறங்கும், வண்டிக்காரரும் சந்தோஷமாக போவார். ஆனால் அடைப்பு அப்படியே உள்ளே இருக்கும். எம்.பி.எப்.ஐ. வண்டிகளில் என்ஜின் சூடேறவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை கூடுதலாக விடும். மைலேஜ் குறைந்ததும் இன்ஜெக்டர், பிளக் என்று அடுத்த செலவு. கையில் இருப்பது நல்ல தெர்மோஸ்டாட்டா என்று அறிய, வெந்நீரில் போட்டு திறக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

எல்லாவற்றையும் விட மோசமானது, ஆவி பறக்கும்போதே மூடியை திறப்பது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஆத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை கொட்டினால் சூடான ஹெட்டில் விரிசல் விழும். என்ஜினை அணைத்து விட்டு அரை மணி நேரத்துக்கு குறையாமல் காத்திருக்க வேண்டும். கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகு, கனமான துணியை போட்டு கொஞ்சம் கொஞ்சமாக திறப்பதே நல்லது.

இறங்கும்போது வேறு ஆபத்து. என்ஜின் குளிர்ந்திருக்கும், பிரேக் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலில் நீர் சேர்ந்திருக்கும். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது ஆவியாகி, பெடல் தரை வரைக்கும் போய் விடும். 2 ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றி விட்டு, 2-வது கியரில் இறங்கினால் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவானாலும் பயமில்லை.

ஏற்கனவே போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. கூலன்ட் நல்லது என்று கேள்விப்பட்டு அப்படியே ஊற்றி விடக்கூடாது. பழைய தண்ணீர் முழுவதையும் வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஓட்டி, மறுபடியும் வடிக்க வேண்டும். தெளிவாக வரும் வரை இதை செய்த பிறகே கூலன்ட் கலவையை நிரப்ப வேண்டும். பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கை பிரித்து உள்ளே கம்பி விட்டு சுத்தம் செய்து விடலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர் முழுசாக அடைத்திருந்தால் மாற்றுவதை தவிர வழியில்லை. சுத்தம் செய்யும்போது உப்பு அடைத்திருந்த ஓட்டைகள் திறந்து கசியத் தொடங்கலாம். எனவே மலைக்கு கிளம்பும் முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே முடித்து விட்டு மதுரை வரை ஒரு முறை போய் வந்து பார்த்துக்கொள்வது நல்லது.