பந்து விலகும்; கப்பல் நகரும்!

குழந்தைகளே! உயரத்திலிருந்து போட்ட பந்து நேராகத்தானே கீழே விழும்?

2015ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள கார்டன் அணையின் உச்சியிலிருந்து சில இளைஞர்கள் கூடைப்பந்துகளைப் போட்டார்கள். சும்மா போட்ட பந்து ஏறக்குறைய நேராக விழுந்தது. தங்கள் பக்கமாகச் சுழற்றிவிட்ட பந்தோ, அணைச்சுவரை விட்டு விலகி வெகுதூரம் பறந்து போய் விழுந்தது!

காரணம் என்ன? பந்து விழும்போது காற்று அதை உரசிக்கொண்டு மேலே போகிறது. சுழலும் பந்தின் ஒரு பக்கம் காற்று போகும் திசையிலும், மறுபக்கம் அதற்கு எதிராகவும் சுற்றுகிறது. இதனால் பந்து காற்றை ஒரு பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது. உடனே காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான்! 1852இல் இதை ஆராய்ந்த ஜெர்மனி விஞ்ஞானியின் பெயரால் இது 'மேக்னஸ் விளைவு' எனப்படுகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் குழல்போல் சுருட்டி ஒட்டுங்கள். மேசை விளிம்பு வரை சாய்த்து வைத்த அட்டையில் உருட்டி விடுங்கள். விளிம்பைத் தாண்டியதும் குழல் மேசைக்கு அடிப்பக்கமாக வளைந்து விழும்.

சரி, இதற்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு? கப்பலின் மேல்தளத்தில் உயரமான உருளையை நிறுத்தி மோட்டாரால் சுழற்றினால், பக்கவாட்டில் வீசும் கடற்காற்று அதே விதிப்படி கப்பலை முன்னே தள்ளும். 1924இல் ஜெர்மனியின் ஆன்டன் ஃப்ளெட்னர் இப்படி ஒரு கப்பலை ஓட்டிக் காட்டினார். அன்று எரிபொருள் மலிவாகக் கிடைத்ததால் அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

இன்று நிலைமை வேறு. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் சுமார் 3 சதவீதம் கப்பல்களிலிருந்து வருகிறது. 2050 வாக்கில் இதை நிகரப் பூஜ்யமாக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வைத்தது. ஆனால், மாசுக்குக் கட்டணம் விதிக்கும் திட்டத்தின் மீதான முடிவை 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போட்டார்கள்.

நாடுகள் பேசிக்கொண்டிருக்க, உருளைகள் சுழலத் தொடங்கிவிட்டன. 4 லட்சம் டன் தாது சுமக்கும் 'சோஹார் மேக்ஸ்' கப்பலில் 2024இல், 35 மீட்டர் உயர உருளைகள் ஐந்து பொருத்தப்பட்டன. எரிபொருள் 6 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது மதிப்பீடு. காற்று வாகாக வீசினால்தான் பலன் கிடைக்கும். இது மட்டுமே மாசைத் தீர்த்துவிடாது. ஆனாலும் அத்தனை பெரிய கப்பலில் 6 சதவீதம் என்பது டன் கணக்கில் எண்ணெய்!

நூறாண்டுக்கு முன் தெரிந்த வழி இது. மலிவு என்று எரிபொருளையே நம்பியிருந்ததன் விலையை இப்போது கொடுக்கிறோம். நல்ல யோசனை கையில் இருந்தால் மட்டும் போதாது. காலத்தில் பயன்படுத்தவும் வேண்டும்.