71 அடியில் மண் எத்தனை அடி?

மழைக்காலம் வந்தால் தேனி, மதுரைப் பக்கம் எல்லோரும் விசாரிக்கும் எண் ஒன்று உண்டு. வைகை அணையின் நீர்மட்டம்தான் அது. 71 அடியைத் தொட்டால் அணை நிறைந்துவிட்டது என்று நிம்மதி. ஆனால், அந்த அளவுகோல் தண்ணீரின் மேல்மட்டத்தை மட்டுமே காட்டும். அடியில் எவ்வளவு மண் கிடக்கிறது என்று சொல்லாது.

ஆண்டிபட்டி அருகே உள்ள இந்த அணை 1959-ல் திறக்கப்பட்டது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும், கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் இங்கே வந்து சேர்கின்றன. பெருமழையில் ஆறு செந்நிறமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மலைச்சரிவில் கரைந்த மண். வேகமாக ஓடும் தண்ணீர் மண்ணைச் சுமக்கும். தேங்கியதும் சுமையை இறக்கிவிடும். கனமான மணல் அணைக்குள் நுழையும் இடத்திலேயே தங்க, நுண்ணிய வண்டல் அணைச்சுவர் வரை போய்ப் படியும்.

கடலிலும் இதே கதைதான். நம் மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்துக்காக 1870-களில் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கும்வரை, அங்கே இவ்வளவு அகலமான மணல்வெளி கிடையாது. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. சுவர் குறுக்கே நின்றதும் தெற்குப் பக்கம் மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது. அங்கே கல்லைக் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது.

ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் குறையும். வைகை அணைக்குள் தங்கும் மணல், கீழே ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய மணல். ஏற்கெனவே மணல் அள்ளிக் களைத்த ஆற்றுக்கு இது இரட்டை நஷ்டம். ஆற்றில் மணல் இருந்தால்தான் தண்ணீர் நின்று நிலத்துக்குள் இறங்கும். கரையோரக் கிணறுகளில் ஊறும்.

அணையைத் தூர்வாரலாம். ஆனால் செலவு அதிகம். அள்ளிய மண்ணைக் கொட்டவும் இடம் வேண்டும். அதைவிட, மண் புறப்படும் இடத்திலேயே அதை நிறுத்துவது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டபோது புலியைப் பற்றித்தான் பேச்சு. ஆனால், அந்தக் காட்டு மரங்களின் வேர் பிடித்து வைத்திருக்கும் மண் அணைக்கு வருவதில்லை. ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டினால், அங்கே படியும் வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்குப் போடலாம். கண்மாய் வண்டலை வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோனவர்கள்தானே நம் பெரியவர்கள்!

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, அதன்மேல் வெட்டிவேர் நடலாம். தோட்டத்தின் மேல்மண்ணும் மிஞ்சும். அணையில் தண்ணீருக்கு இடமும் மிஞ்சும்.