அரசன் எவ்வழி என்ற பழமொழியும் இரணைமடுவும்

"அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி." 2009இன் பின் வன்னியில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிகளில் இந்தப் பழமொழி படாத பாடு பட்டுவிட்டது. கமக்கார அமைப்பின் புதுத் தலைவருக்கும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் புதுச் செயலாளருக்கும் ஒரே வெள்ளைத்தாள், ஒரே நிறப்பேனா, ஒரே உபதேசம்: நீ உறுதியாக முடிவெடு, சனம் பின்னால் வரும். மத்தியானச் சோற்றுப் பார்சலோடு இதுவும் செரித்துவிட்டால் தொல்லையில்லை. செரிப்பதில்லை, அடுத்த கூட்டத்தில் தலைவரின் குரலில் எழும்பி வருகிறது.

தலைவர் நேரத்துக்கு வரவேண்டும், கணக்குக் காட்டவேண்டும் என்கிறார்கள் பயிற்சி தருபவர்கள். அதை யார் மறுத்தது? "பலபேரைக் கேட்டால் வேலை நடக்காது" என்பதில்தான் உபதேசத்தின் உயிர் இருக்கிறது. கிளிநொச்சியில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். சிறுபோகத்தில் அங்குள்ள இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு என்ன பங்கு, வாய்க்கால் எப்போது திறந்து எப்போது பூட்டப்படும் என்பவை பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. மாவட்டச் செயலாளர் தலைமை வகிப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் கணக்குச் சொல்வார். எழும்பி நின்று வாதாடுவது வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர். அது வீண்நேரமாம். அவரை அன்று பேசவிடாமல் இருத்திவிட்டால், கதிர் பறியும் நேரத்தில் மண்வெட்டியோடு வாய்க்கால் கட்டுக்கு வருவார். அந்த நேரம் யாருடைய கணக்கில் சேரும்?

மேலிருந்து உறுதியாக எடுத்த முடிவு எப்படிப் போகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் அனுமதித்தது. பணம் இருந்தது, பொறியியலாளர் இருந்தார்கள், நோக்கமும் நல்லது. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவருவது எல்லோருக்கும் தெரியும். கமக்காரர் மட்டும் "அவ்வழி" வரவில்லை. சிறுபோகத்துக்கே காணாத குளம் என்றார்கள். பிரச்சினை 2013இல் அமைந்த வடமாகாண சபையிலும் விவாதமாயிற்று. கடைசியில் இரணைமடுத் தண்ணீருக்குப் பதிலாக, வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பதினான்கு வருடம்! கமக்காரரை முதலிலேயே கூப்பிட்டு இருத்திக் கேட்பதற்கு இவ்வளவு காலம் செல்லாது. அவர்கள் பிடிவாதக்காரர், அயலவருக்குத் தண்ணீர் மறுத்தவர்கள் என்று ஏசியவர்களும் உண்டு. ஏசட்டும். குளத்தின் அடி தெரிந்தவனைத் தாளில் எண்ணாமல் விட்டது திட்டம் போட்டவர்களின் பிழை.

"அப்படியானால் வெள்ளம் வரும்போதும் கூட்டம் வைப்பதா?" என்பார்கள். புனரமைத்த இரணைமடு 2018 டிசெம்பர் 7இல் திறந்துவைக்கப்பட்டது; அதே மாதம் பெருமழையில் குளத்துக்குக் கீழேயுள்ள கண்டாவளைப் பக்கம் தண்ணீருக்குள் போனது. வான்கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்று பிறகு பெரிய சர்ச்சை. கதவைத் திறக்க ஒருவர் கட்டளை போதும், அதை ஒத்துக்கொள்ளலாம். எந்த மட்டத்தில் திறப்பது, கீழே இருக்கும் சனத்துக்கு யார் அறிவிப்பது என்பதையெல்லாம் மழைக்கு முன்னரே பலபேர் இருந்து பேசியிருந்தால்தான் அந்தக் கட்டளை உதவும்.

பயிற்சி தருபவர்களுக்குப் பழமொழியைக் கைவிட இன்னும் மனம் வரவில்லையென்றால், அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். கடைசி வாங்கில் இருப்பவர்கள் பதில் சொல்லுவார்கள்.