பிரிண்டரும் வீண் சந்தேகமும்

புதிதாக வாங்கிய பிரிண்டர் வீட்டு வைஃபையுடன் இணையவில்லையா? அதைச் சுமந்துகொண்டு குளத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறி, விற்றவரை மோசக்காரர் என்று சாடுவது முறையன்று. தீர விசாரிக்காமல் பழி சுமத்துவதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

இன்றைய ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளை ஒரே பெயரில் வழங்குகின்றன. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே எட்டும்; கைப்பேசியோ 5-இல் அமர்ந்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் இரண்டிற்கும் தனித்தனிப் பெயரிட்டு, கைப்பேசியை 2.4-இல் இணைத்த பின் பிரிண்டரை நிறுவுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

கடவுச்சொல்லை நீக்கிவிடச் சிலர் யோசனை கூறுவர். கேட்காதீர்கள், பிள்ளைகள் புழங்கும் இணைப்பை அது தெருவுக்கே திறந்துவிடும். அவசரமெனில் யூஎஸ்பி கேபிளில் இணைத்து அச்சிடலாம்.