சதுரங்கத்திற்கும் சரளிவரிசை உண்டு

சதுரங்கம் மூளையுள்ள பிள்ளைகளின் விளையாட்டு என்பது நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட எண்ணம். அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பாடசாலைப் போட்டியில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களிலே தோற்றுவரும் பிள்ளை, தான் ஆட்டத்தில் தோற்றதாக எண்ணுவதில்லை; தனக்கு மூளையில்லை என்று தீர்ப்பாகிவிட்டதாகவே எண்ணுகின்றது. பெற்றோரிற் சிலரும், "இவனுக்கு இது சரிவராது" என்று பலகையை எடுத்து அலுமாரியின் மேல் வைத்துவிடுகின்றனர். 2024 ஆம் ஆண்டு டிசெம்பரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டாவது வயதில் உலக சம்பியனானபோது புதிதாகப் பலகை வாங்கிய வீடுகள் உண்டு. அவற்றுள் எத்தனை பலகைகள் இன்றும் விரிக்கப்படுகின்றன என்பது வேறு கேள்வி.

தோற்ற ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். பிள்ளைகள் ஆழ்ந்த சூழ்ச்சிகளுக்கு இரையாவது மிக அரிது. எதிரியின் குதிரை ஒரே பாய்ச்சலில் அரசனையும் கோட்டையையும் தாக்கியிருக்கும். அரசனுக்கு முன்னே நின்ற காய் அசைய இயலாமற் கட்டுண்டிருக்கும். அரசன் கடைசி வரிசையிலே தன் காலாட்களாலேயே அடைபட்டிருக்க, எதிரியின் கோட்டை அவ்வரிசையில் வந்து இறங்கியிருக்கும். நூறு ஆட்டங்களை எடுத்தாலும் தோல்விகளிற் பெரும்பாலானவை இத்தகைய ஐந்தாறு கோலங்களுக்குள் அடங்கிவிடும். (மூலையில் நிற்பதைக் கோட்டை என்றும், மூலைவிட்டமாகச் செல்வதை மந்திரி என்றும் நாம் வழங்குகின்றோம். வேறு பெயரால் அழைப்போர் அவ்வாறே கொள்க.)

ஆகவே இங்கே குறைவது மூளையன்று, கண்ணின் பழக்கம். இதற்குச் சான்று உண்டு. ஒல்லாந்து உளவியலாளரான அட்றியான் டி குறூட், தாமும் தம் நாட்டு அணிக்காகச் சதுரங்க ஒலிம்பியாட்டில் ஆடியவர். வல்லுநர்கள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்று ஆராய்ந்து 1946 இல் ஒரு நூல் வெளியிட்டார். வல்லுநர் பிறரைக் காட்டிலும் மிகப் பல நகர்வுகளை முன்கூட்டியே கணக்கிடுவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவர் கண்ட வேறுபாடு அங்கே பெரிதாக இல்லை. ஆனால் ஓர் ஆட்ட நிலையைச் சில விநாடிகள் மாத்திரம் காட்டி மறைத்துவிட்டால், வல்லுநர் அதனை ஏறக்குறையப் பிழையின்றி மீண்டும் அடுக்கினர், மற்றையோர் தடுமாறினர். பின்னர் 1973 இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹேர்பேட் சைமன் என்னும் இருவர் ஒரு படி மேலே சென்றனர். காய்களை எவ்வித ஒழுங்குமின்றிப் பலகையிற் பரப்பிக் காட்டினர். அப்பொழுது வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோயிற்று! அவருடைய நினைவாற்றல் பொதுவானதன்று. ஆட்டத்திலே பலமுறை கண்ட கோலங்களுக்கே உரியது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டவுடன் ஐம்பத்தாறு என்போமன்றோ? விரல் மடித்துக் கூட்டியா கூறுகின்றோம்? அது போன்றதே இதுவும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பலகையிருந்தால் அடுக்கிப் பார்க்கலாம். கறுப்பு அரசன் மூலைக் கட்டத்தில் நிற்கின்றான். அவனுக்கு நேர் முன்னே ஒரு காலாள், அதனருகே இன்னொரு காலாள். கடைசி வரிசையில் அவன் பக்கத்துக் கட்டம் ஒன்றே வெறுமையாயுள்ளது. வெள்ளை அரசி தொலைவிலிருந்து மூலைவிட்டமாக அவ்வெறுங் கட்டத்தைப் பார்க்கின்றாள்; வெள்ளைக் குதிரையும் அதனையே காவல் செய்கின்றது. இவ்வேளையில் வெள்ளை தன் அரசியை அந்த வெறுங் கட்டத்திலேயே, அரசனுக்கு அருகிலே, கொண்டுபோய் வைத்துச் 'செக்' சொல்கின்றது. குதிரையின் காவல் இருப்பதால் அரசன் அவளை வெட்டுதல் இயலாது. அதே வரிசையில் நிற்கும் கறுப்புக் கோட்டையே வெட்டியாக வேண்டும். வெட்டியதும் அரசனுக்கு எஞ்சியிருந்த ஒரே கட்டமும் தன் கோட்டையால் அடைபட்டுவிடுகின்றது. அடுத்து, குதிரையின் ஒரு பாய்ச்சல். செக்மேற்!

தன் அரசியை வலிந்து பலி கொடுக்கும் இந்த நகர்வை, முன்பு காணாத பிள்ளை ஒரு மணி நேரம் சிந்தித்தாலும் காண்பது அரிது. பத்து முறை கண்ட பிள்ளைக்கோ அரசன் மூலையில் ஒதுங்கும்போதே குதிரை நினைவுக்கு வந்துவிடும். இது நேற்றுத் தோன்றியதுமன்று; 1497 இல் ஸ்பானிய தேசத்து லூசேனா எழுதிய நூலிலேயே காணப்படுவது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊரறிந்த ஒன்றை, பிள்ளை தானே புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

வீட்டில் எவரேனும் வாய்ப்பாட்டோ வயலினோ பயின்றிருந்தால் இப்பயிற்சியின் முறை எளிதில் விளங்கும். சரளிவரிசையை ஆசிரியர் முதற்காலத்திலே பாடச் சொல்வார், பின்னர் அதனையே இரண்டாங்காலத்தில், அதன்பின் மூன்றாங்காலத்தில். புதிய பாடம் எதுவுமில்லை. அதே சுரங்கள், வேகம் மாத்திரம் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கின்றது. மேனாட்டுச் சதுரங்க ஆசிரியர்கள் அண்மையில் வகுத்த முறையும் இதுவேயாகும். அமெரிக்கரான மைக்கேல் டி லா மாசா, ஏறத்தாழ ஆயிரம் புதிர்களை ஏழு சுற்றுக்களிற் செய்யுமாறு கூறினார். முதற் சுற்றுக்கு 64 நாட்கள், அடுத்ததற்கு 32, பின்னர் 16, இவ்வாறே பாதி பாதியாகக் குறைந்து, ஏழாவது சுற்று ஒரே நாளில்! சுவீடன் நாட்டு ஹான்ஸ் டிக்கனென், ஒரே புதிர்த் தொகுதியை மீண்டும் மீண்டும் விரைந்து செய்து பயின்றவர். 2010 இல் ஏழு வாரங்களுக்குள் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான மூன்று தகுதிகளையும் பெற்றார். அவரும் அக்செல் ஸ்மித்தும் 2018 இல் வெளியிட்ட நூலுக்கு 'மரங்கொத்தி முறை' என்றே பெயர். ஒரே இடத்தில் விடாது கொத்தும் பறவையின் பெயர் பொருத்தமானதே.

ஒரே நாளில் ஆயிரம் புதிர் என்பது நமக்கு உடன்பாடன்று. பள்ளியும் வீட்டு வேலையும் ரியூசனும் உள்ள பிள்ளைக்கு அது தண்டனையாகும். சுற்றிச் சுற்றி வருதல் வேண்டும் என்ற கருத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு அளவைக் குறைத்துக்கொள்வோம். நூறு புதிர்களே போதும். நாளொன்றுக்குப் பத்தாகப் பத்து நாட்களில் முதற் சுற்று முடியும். இரண்டாவதற்கு ஐந்து நாட்கள், மூன்றாவதற்கு மூன்று. ஒரு மாதம் கழித்து நான்காவது சுற்று.

எளியனவற்றிலிருந்தே தொடங்குக. ஹங்கேரி நாட்டு லாஸ்லோ போல்கார் 1994 இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் 5334 புதிர்களும் ஆட்டங்களும் உள்ளன. அவற்றுள் ஒரே நகர்வில் முடிவன 306, இரண்டு நகர்வில் முடிவன 3412. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! தம் மூன்று பெண்மக்களையும் சிறு வயது முதலே இத்தகைய புதிர்களிற் பயிற்றியவர் அவர். இளைய மகள் யூதித் 1991 இல், பதினைந்து வயதும் நான்கு மாதமுமாகிய வேளையிற் கிராண்ட்மாஸ்டராகி, 1958 இல் பொபி பிஷர் நாட்டிய சாதனையை முறியடித்தார். எந்தப் பிள்ளையையும் பயிற்சியால் மேதையாக்கலாம் என்ற அத்தந்தையின் கொள்கையை நாம் முழுவதும் ஏற்கவில்லை. அப்பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பப்படாது வீட்டிலேயே கற்பிக்கப்பட்டவர்கள். எல்லாரும் அவ்வாறு செய்தல் கூடுமோ? எனினும் எளிய புதிர்கள் எத்தனை வேண்டும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

செய்யும் முறை பற்றிச் சிறிது கூறவேண்டும். புதிரைப் பலகையில் அடுக்குக. கையைக் காய்மீது வைத்தலாகாது. மனத்தால் மாத்திரம் நகர்த்துக. விடையையும் எதிரி செய்யக்கூடிய மிகச் சிறந்த மறுமொழியையும் கொப்பியில் எழுதிய பின்னரே விடைப்பக்கத்தைப் புரட்டுக. பிழைத்தவற்றுக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று இட்டு, மூன்றாம் நாள் மீண்டும் செய்க. முதற் சுற்றிலே வேகம் கருதவே கூடாது. கைபேசியிலும் இன்று புதிர்கள் குவிந்து கிடக்கின்றன. 'லிச்செஸ்' என்னும் தளம் அவற்றை விளம்பரமின்றி இலவசமாகவே வழங்குகின்றது. நூல் வாங்க இயலாத வீட்டுக்கு அது பெரும் உதவி. ஆயினும் திரையிலே விரல் முந்திக்கொள்ளும், சிந்தனை பின்தங்கும். பிழைத்தால் உடனே அடுத்தது வருமல்லவா? ஆதலால் கைபேசியிற் செய்தாலும் விடையை எழுதிய பின்னரே திரையைத் தொடுதல் நன்று.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. அதனைப் பயிற்சி நூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. புதிரின் தலைப்பிலேயே 'வெள்ளை ஆடி வெல்லும்' என்று அச்சிட்டிருக்கும். ஏதோ ஒன்று உண்டு என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். உண்மையான ஆட்டத்தில் அவ்வாறு தோளைத் தட்டிச் சொல்பவர் எவருமில்லை. புதிரில் நூற்றுக்குத் தொண்ணூறு பெறும் பிள்ளை ஆட்டத்திலே அதே கோலத்தைக் காணாது கடந்து போவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு வீட்டாரின் துணை வேண்டும். ஆட்டம் அறியாத தாயாரும் செய்யக்கூடிய உதவி இது. பிள்ளையின் பழைய ஆட்டங்களிலிருந்து விசேஷம் எதுவும் இல்லாத சில நிலைகளை அதன் ஆசிரியரையோ நன்கு ஆடும் ஒருவரையோ கொண்டு பொறுக்கச் செய்து, புதிர்த் தாள்களோடு கலந்து, தலைப்பை மறைத்து, நாளொன்றுக்கு ஐந்து தாள் எடுத்துக் கொடுக்கலாம். "இதிலே ஒன்றுமில்லை, அம்மா" என்று பிள்ளை துணிந்து கூறுவதும் சரியான விடையாகும். ஒவ்வொரு தாளிலும் இரண்டு வினாக்களைக் கேட்டால் போதும். எதிரி இப்போது எதைத் தாக்குகின்றான்? செக் சொல்லவோ வெட்டவோ உனக்கு என்னென்ன வழிகள் உள்ளன? இவ்விரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளை, போட்டியிலே அவற்றைத் தனக்குள் தானே கேட்டுக்கொள்ளும்.

பரீட்சைத் தவணையில் இவையெல்லாம் முடியாது என்போர், அந்த நாட்களிற் புதிய புதிர் எதுவும் தொடவேண்டாம். கொப்பியிலுள்ள சிவப்புப் புள்ளிகளுள் நாளொன்றுக்கு மூன்றை மாத்திரம் இராச் சாப்பாட்டுக்கு முன் அடுக்கிப் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.