தொட்டால் மீண்டும் மலருமா?

பழைய பாடல்களை ரீமிக்ஸ் செய்வது சரியா, தவறா? தமிழ் மாணவர்கள் நான்கு பேர் கூடினால் எழும் வாதம் இது. “பழையதைக் கெடுக்கிறார்கள்” என்பது ஒரு கட்சி. “இப்படியாவது பாடாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?” என்பது மறு கட்சி. இரு கட்சியினரும் ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: மீண்டும் பாடியவர் அந்தப் பாடலில் புதிதாக எதைக் கண்டார்?

மேற்கத்திய ராக் இசையில் இதற்கு நல்ல சான்று உண்டு. 1967இல் பாப் டிலன் ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாடலைக் கிட்டார், ஹார்மோனிகாவுடன் அடக்கமாகப் பாடினார். மறு ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மின்கிட்டாரில் அதைப் புயலாக்கினார். பின்னாளில் டிலனே மேடையில் ஹெண்ட்ரிக்ஸின் பாணியைத் தழுவிக்கொண்டார்!

நமக்கும் அப்படியொரு பாடல் உண்டு. ‘தொட்டால் பூ மலரும்’. 1964இல் ‘படகோட்டி’ படத்துக்காக வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், ‘நியூ’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் வாலியின் வரிகளுக்குப் புது மெட்டே போட்டார். ஹரிஹரனும் ஹரிணியும் பாடினார்கள்.

எது சிறந்தது? என் வாக்கு 1964க்குத்தான். கைதட்டல் தாளத்தோடு, அவர் ஒன்று சொல்ல இவர் மறுமொழி சொல்லும் அந்தக் குறும்பு புதியதில் இல்லை. ஆனால் ரஹ்மானின் துணிச்சலை மறுக்க முடியாது. பழைய மெட்டின் புகழில் அவர் குளிர்காயவில்லை. ஊரறிந்த காதல் விளையாட்டை இருவருக்கு மட்டுமே கேட்கும் பேச்சாக மாற்றினார். ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ராப்போடு வந்தபோது ஆடத் தோன்றியது. ஆனால் பாடலைப் பற்றிப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. வேறுபாடு அங்கேதான்.

சிங்கப்பூரில் வளரும் நமக்கு இது பொழுதுபோக்குச் சண்டை மட்டுமன்று. வகுப்பறைக்கு வெளியே நம்மில் பலரின் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் பாட்டுத் தமிழ்தான். வீட்டில் ஒலி 96.8, தேக்கா பக்கம் போனால் கடை வாசல் ஒலிபெருக்கி. புதிய வடிவத்தைக் கேட்டு ரசித்த ஒருவர் பழையதைத் தேடிப் போனால் அவருக்கு வாலி கிடைக்கிறார். மெல்லிசை மன்னர்கள் கிடைக்கிறார்கள். தேடாமல் விட்டால் எல்லாமே “ரஹ்மான் பாட்டு” ஆகிவிடுகிறது.

ராமமூர்த்தியும் டி.எம்.எஸ்ஸும் வாலியும் 2013இல் மறைந்தார்கள், எம்.எஸ்.வி. 2015இல். இனி அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நம் கலைநிகழ்ச்சிகளில் பழைய பாடலைப் புது உருவில் தாராளமாகப் பாடுங்கள், நண்பர்களே. ஆனால் பாடுமுன், எழுதியவர், முதலில் இசையமைத்தவர், முதலில் பாடியவர் யாரென்று அறிவியுங்கள். அரை நிமிடம் போதும். பூவைத் தொடலாம், வேரை வெட்டக் கூடாது.