பயணப் பைக்குள் ஒரு பகல் சாப்பாடு

 

"இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவோமா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் உங்கள் மனதில் முதலில் என்ன வருகிறது? பூந்தோட்டமா? வாவியில் ஓடும் படகா? உண்மையைச் சொல்லுங்கள்! 'பகலைக்கு என்ன சாப்பிடுவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும்?' என்பதுதானே வருகிறது? எனக்கும் அப்படித்தான். அதனால்தான் இந்த மாதம் அதைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன். இதில் நான் பட்டுத் தெளிந்த கதை இருக்கிறது.

நாங்கள் ஹட்டனில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு டவுனில் சின்னதாக ஒரு கடை. நுவரெலியா எங்களுக்குப் பக்கம்தான். ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பமாகக் கிளம்புவது என்பது எப்போதாவது வருகிற பெருநாள் மாதிரி.

2018 ஏப்ரலில் அப்படிக் கிளம்பினோம். அப்போது மூத்த மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4 வயது. மாமி, "ரெண்டு ரொட்டியாவது சுட்டு எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாளாவது அடுப்படியை மறந்திருப்போமே என்ற ஆசை ஒரு பக்கம். நாலு பேர் பார்க்கப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களே என்ற வெட்கம் மறு பக்கம். வெறுங்கையோடு போனோம்.

ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் வசந்தகாலம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே களைகட்டுகிற மாதம். நாடு முழுவதும் அங்கே வந்து குவிகிறது. விலைகளும் மலையேறி விடுகின்றன. ஒரு சாப்பாட்டுக் கடையில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்து உட்கார்ந்தோம். சோறு ஆறிப்போயிருந்தது. மகள் அப்பளத்தை மட்டும் கடித்துவிட்டு எழுந்துவிட்டாள். பில்லைப் பார்த்த வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. வேன் கூலியைத் தனியாக எடுத்து வைத்தபின் கையில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை.

கிரெகரி வாவிக் கரையில் குதிரைச் சவாரி நடந்துகொண்டிருந்தது. மகன் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான். "ஏறுகிறாயா?" என்று நான் கேட்பதற்கு முன்னால் அவனே, "எனக்குக் குதிரை என்றால் பயம் உம்மா" என்றான். தெருவில் நிற்கும் மாடுகளைத் தட்டி விலக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அவன்! திரும்பி வரும்போது இருட்டில், "குதிரைக்கு எவ்வளவு உம்மா கேட்பார்கள்?" என்று மெதுவாகக் கேட்டான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பின் நாட்டுக்கும் நமக்கும் வந்த கஷ்டங்கள் உங்களுக்குத் தெரியும். 2020இல் ஊரடங்கு. 2021, 2022, 2023 மூன்று ஆண்டுகளும் வசந்தகாலம் நோன்பு மாதத்தோடு சேர்ந்து வந்தது. 2022இன் தட்டுப்பாட்டில் பயணத்தை யார் நினைத்தார்கள்? 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. மறுபடி கிளம்பினோம். இம்முறை ஐந்து பேர் என்பதோடு, மாமியும் சேர்ந்தார்கள். கடைக்குட்டிக்கு 3 வயது.

பட்ட புத்தி இருந்ததல்லவா? இந்த முறை ஒன்றையும் விலைக்கு வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். இரவு 2 மணிக்கே எழுந்தேன். புரியாணி, கோழிப் பொரியல், தேங்காய்ச் சம்பல், வட்டிலப்பம், பிளாஸ்க் நிறையப் பால் தேத்தண்ணி! வேனில் ஏறியதும் தூங்கிப் போனேன். சென்கிளயர் நீர்வீழ்ச்சி வந்ததும் தெரியாது, தலவாக்கலை போனதும் தெரியாது. அங்கே போய்ச் சேர வாகன நெரிசல். பகல் சாப்பாடு பின்னேரம் 3 மணிக்கு! பரிமாறி, துடைத்து, பாத்திரம் கழுவி முடிக்க வீடு திரும்பும் நேரமாகிவிட்டது.

அன்றிரவே கடைக்குட்டிக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். "என்ன சாப்பிட்டது?" என்று டொக்டர் கேட்டார். அதிகாலை 3 மணிக்குச் சமைத்ததைப் பின்னேரம் 3 மணிக்குத் தந்தோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தபின் மகள் சொன்னாள்: "உம்மா, நாங்கள் எல்லோரும் போட்டில் போனோம். நீங்கள் ஏறவே இல்லையே!"

சகோதரிகளே, எதையும் கொண்டு போகாதபோது பிள்ளையின் சந்தோஷம் போனது. எல்லாவற்றையும் கொண்டு போனபோது பிள்ளையின் சுகம் போனது. அத்தோடு என்னுடைய நாளும் போனது. அப்படியானால் எதைக் கொண்டு போவது?

இதற்கு விடை சொன்னவர் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு தோட்டத்து அம்மா. கொழுந்து பறிப்பவர். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "நாங்க தெனமும் மலைக்குக் கட்டிக்கிட்டுத்தானே போறோம்? ஈரமா கட்டாதீங்கம்மா. காய்ஞ்சதா கட்டுங்க. ரொட்டி கெடாது" என்றார். எத்தனை தலைமுறை அனுபவம் அந்த ஒரு பேச்சில்!

டொக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். சமைத்த உணவு 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். 2 மணித்தியாலத்துக்கு மேல் அப்படி வைக்கக் கூடாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள குளிர்ப் பிரதேசம்தான். ஆனால் நமக்குக் குளிர்கிறதே தவிர, பாத்திரத்துக்குள் இருக்கும் சோற்றுக்கு அது குளிர்சாதனப் பெட்டி ஆகாது. வெயிலில் நிறுத்திய வேனுக்குள் கேட்கவே வேண்டாம். மூடி வைத்த சோற்றில் உண்டாகும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பச்சைத் தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பால் சேர்ந்தவை, பால், முட்டை சேர்ந்த இனிப்பு வகைகள் எல்லாம் வீட்டு மேசைக்கு உரியவை. பயணப் பைக்கு உரியவை அல்ல.

2025 வசந்தகாலத்தில் நாங்கள் ஆறு பேருக்குக் கொண்டு போனது இதுதான்:

ரொட்டி: 1 கிலோ கோதுமை மா, கொஞ்சம் தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு. அளவாகத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தட்டினால் சுமார் 16 வரும். தேங்காயைக் குறைத்து, இரு பக்கமும் நன்றாக வேகும்படி சுட வேண்டும். முழுதாக ஆறிய பிறகே சுற்ற வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து ஈரமாகிவிடும்.

சீனிச்சம்பல்: முதல் நாளே செய்து வைக்கலாம். அரைக் கிலோ வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, சிறு தீயில் பொன்னிறமாகும்வரை வதக்கி, மிளகாய்த்தூள், கறுவா, மாசி, புளி, கடைசியாகச் சீனி. தண்ணீர் ஒரு துளியும் நிற்கக் கூடாது. புளியும் சீனியும்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

அவித்த கடலை: கால் கிலோ. இரவே ஊற வைத்துவிடுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகைதான். அதனால்தான் கடலை வேகச் சுணங்குகிறது. குக்கர் இருந்தால் நேரமும் எரிவாயுவும் மிச்சம். காலையில் வேகவைத்து, நீரை வடித்து, தேங்காய் சேர்க்காமல் செத்தல் மிளகாய், கடுகு தாளித்து எடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் சாப்பிட வேண்டியது இது.

அவித்த முட்டை: கோதோடு கொண்டு போங்கள். இதையும் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இவற்றோடு வாழைப்பழம், கிரீம் கிராக்கர் பிஸ்கட், கொதித்தாறிய தண்ணீர், ஒரு பிளாஸ்க் இஞ்சிப் பிளேன்டீ. அவ்வளவுதான்!

எங்கள் பாதை முழுக்க வளைவு. பிள்ளைகளுக்குப் புறப்படும் முன் எண்ணெய்ச் சாப்பாடு கொடுக்காதீர்கள். இரண்டு பிஸ்கட்டும் கொஞ்சம் பிளேன்டீயும் போதும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் நிலக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாட்டில் கீறிக் கொடுங்கள். ஓடும் வேனில் தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? அவித்த கடலையையும் சின்னவர்களுக்கு மசித்தே கொடுங்கள். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு நேரம் தவறக் கூடாது. மாமியின் பிஸ்கட்டும், சீனி இறங்கினால் வாயில் போட ஒரு டொபியும் அவர்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இனி, போகிற இடத்துக்கு ஏற்றபடி சில குறிப்புகள்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பொலித்தீன் சுற்றிய எதையும் கொண்டு போகாதீர்கள். வாசலிலேயே பைகளைச் சோதித்து, பிஸ்கட் உறையைக்கூட நீக்கி விடுவார்கள். அங்கே மேயும் மரைகள் உப்புச் சுவைக்காகப் பொலித்தீனைத் தின்று செத்துப்போவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. மூடியுள்ள டப்பாவில் கொண்டு போனால் தொல்லையே இல்லை. 'உலக முடிவை' மூடுபனி மறைப்பதற்குள் பார்க்க விடியற்காலையிலேயே போகவேண்டும். ஆகையால் காலைச் சாப்பாடு கையில் இருப்பது நல்லது.

ஹக்கலைப் பூந்தோட்டத்தில் குரங்குகள் அதிகம். அவற்றின் கண் முன்னால் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் உங்கள் ரொட்டி மரத்தில் இருக்கும்!

லஞ்ச் சீட்டை நம் நாட்டில் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டிக்கும் 2023 ஒக்டோபரிலிருந்து தடை. பழைய கொப்பித் தாளில் சுற்றுவதும் வேண்டாம். மையும் எண்ணெயும் சேர்ந்து பிள்ளை வயிற்றுக்குள் போகும். வாழையிலையோ, துவைத்த பருத்தித் துணியோ போதும்.

நீர் விளையாட்டு, ராட்டினம் உள்ள பூங்காக்களுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டை விடுவதும் விடாததும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், கண்ணாடிப் போத்தல்தான் கூடாது. டோக்கியோவிலோ சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே விடுவதில்லை, வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கேயும் குழந்தைக்கான உணவு, நோயாளிக்கான உணவு என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஹலாலைப் பற்றிய சந்தேகமும் நம் பையில் உள்ள சாப்பாட்டுக்கு இல்லை பாருங்கள்!

முக்கியமான ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பையைக் கட்டுவது உம்மா ஒருத்தியின் வேலை அல்ல. 2025இல் வெங்காயம் அரிந்தவர் வீட்டுக்காரர். கண்ணைக் கசக்கிக்கொண்டே அரிந்தார்! முட்டை அவித்தது 11 வயது மகள். பையைச் சுமந்தவன் மகன். வாழைப்பழத்தை எண்ணி வைத்தது கடைக்குட்டி. நான் ஐந்தரை மணிக்குத்தான் எழுந்தேன். "இதையெல்லாம் ஆம்பிளைகள் செய்வார்களா?" என்று கேட்காதீர்கள். முதல் நாள் இரவே ஒரு தாளில் பெயரும் வேலையும் எழுதிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும் என்றும் இல்லை. ஒரே ஒரு பண்டத்தை அங்கே வாங்குங்கள். ஆவி பறக்கும் அவித்த சோளத்தைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கினோம். அந்த ஏழை வியாபாரிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்குமல்லவா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு இரண்டு ரொட்டியும் சீனிச்சம்பலும் கொடுத்தோம். அவர்கள் கொக்கிஸ் தந்தார்கள். பார்சலைப் பிரிக்க வெட்கப்பட்ட என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

மிஞ்சிய காசில் மகள் குதிரை ஏறினாள். மகனுக்கு 14 வயது, மீசை அரும்புகிறது. "ஏறுகிறாயா?" என்றேன். "நான் பெரியவன் உம்மா" என்று வெட்கப்பட்டான். அந்த ஏழு வயதுக் குதிரை திரும்பி வராதுதான். ஆனால் அவனே போய் அன்னப் படகுக்கு டிக்கட் வாங்கி வந்தான். "உம்மா, இந்த முறை நீங்கள்தான் முதலில் ஏற வேண்டும்" என்றான்.

ஏறினேன். கரையில் மாமி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி டப்பா காலியாகக் கிடந்தது. கழுவ வேண்டிய பாத்திரம் அது ஒன்றுதான்!

அடுத்த பயணத்துக்கு உங்கள் பைக்குள் என்ன வைக்கப் போகிறீர்கள்? எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.